வன்னியில் சின்னக் கட்சிக்கு ஒரு சீற்: 11,310 வாக்குக் கணக்கு

நெடுங்கேணியான் | 03.06.2025

2020 பாராளுமன்றத் தேர்தலில வன்னியில தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 69,916 வாக்கு, மூண்டு சீற் (ஆசனம்). ஈபிடிபிக்கு (ஈழ மக்கள் சனநாயகக் கட்சி) 11,310 வாக்கு, ஒரு சீற். 69,916-ஐ 11,310-ஆல வகுத்தால் ஆறு வருது. அப்ப ஆறு குடுத்திருக்க வேணும், குறைஞ்சது நாலாவது குடுத்திருக்க வேணும். கூட்டமைப்பின்ர நாலாவது சீற்றைத்தான் எடுத்து ஈபிடிபிக்குக் குடுத்தவை எண்டு சொல்லுறன். கணக்குத் தெரிஞ்சவை பிழை எண்டால் காட்டுங்கோ.

கச்சேரியடி | 03.06.2025

பிழை. வகுக்கிற எண்ணே வேறு.

வன்னித் தேர்தல் மாவட்டத்துக்கு ஆறு ஆசனம். அதில் ஒன்று போனஸ். மாவட்டத்தில் கூட வாக்கு எடுத்த கட்சிக்கு நேரே போய்விடும். அது கூட்டமைப்புக்குப் போனது. மிச்சம் ஐந்து. அடுத்து, அளிக்கப்பட்ட வாக்கில் 5 வீதத்துக்குக் கீழே எடுத்த கட்சிகளையும் சுயேச்சைக் குழுக்களையும் வெட்டி, அவர்களின் வாக்கை மொத்தத்தில் இருந்து கழிக்க வேண்டும். 2020-ல் மிஞ்சியது நாலு பேர்:

கூட்டமைப்பு 69,916
பொதுஜன பெரமுன 42,524
ஐக்கிய மக்கள் சக்தி 37,883
ஈபிடிபி 11,310

கூட்டினால் 161,633. ஐந்தால் வகுத்தால் 32,326.6. பின்னம் வந்தால் அடுத்த முழு எண்ணுக்கு ஏற்ற வேண்டும்: 32,327. இதுதான் ஒரு ஆசனத்தின் விலை. கூட்டமைப்புக்கு இரண்டு முழு ஆசனம், மீதி 5,262. பெரமுனவுக்கு ஒன்று, மீதி 10,197. சக்திக்கு ஒன்று, மீதி 5,556. ஈபிடிபிக்கு முழு ஆசனம் இல்லை, 11,310-உம் மீதிதான். நாலு ஆசனம் முடிந்தது, ஒன்று கிடக்கிறது. கூடின மீதி யாருடையது? 11,310.

அவ்வளவுதான். களவு இல்லை.

நெடுங்கேணியான் | 04.06.2025

சரி, ஈபிடிபி 5 வீதத்துக்குக் கீழ போயிருந்தால் அந்த சீற் கூட்டமைப்புக்கு வந்திருக்கும்தானே?

கச்சேரியடி | 04.06.2025

வந்திராது. 11,310-ஐ எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டுப் பாருங்கோ: மொத்தம் 150,323, ஐந்தால் வகுத்து 30,065. கூட்டமைப்பு இரண்டு, மீதி 9,786. பெரமுன ஒன்று, மீதி 12,459. ஆசனம் பெரமுனவுக்குப் போகும்.

கூட்டமைப்புக்கு அது கிடைக்க வேண்டும் என்றால் 5,262 என்ற மீதி 11,310-ஐத் தாண்ட வேண்டும். இன்னும் 6,050 வாக்கு எடுத்திருந்தால் போதும்.

அடம்பன் | 04.06.2025

கச்சேரியடி, கடைசி வரி பிழை. வாக்குக் கூடினால் ஆசனத்தின் விலையும் கூடும் எல்லோ.

கச்சேரியடி | 05.06.2025

ஓம், பிழைதான். ஒரு வாக்குக் கூடினால் விலை 0.2-ஆல் ஏறுகிறது. இரண்டு முழு ஆசனம் வைத்திருக்கிற கட்சிக்கு அது 0.4 இழப்பு, ஆகவே மீதியில் சேருவது 0.6 மட்டும். 6,048-ஐ 0.6-ஆல் வகுத்தால் 10,080. கிட்டத்தட்ட 10,100 வாக்கு வேண்டும். சரிபார்த்தாயிற்று: 80,016 எடுத்திருந்தால் விலை 34,347, மீதி 11,322. பன்னிரண்டு வாக்கால் தாண்டும்.

பெரமுனவுக்கு ஏறத்தாழ 1,400 கூட இருந்தாலே போதும். அந்த ஆசனத்துக்கு உண்மையில் கிட்ட நின்றவர்கள் அவர்கள்.

பெரிய கட்சிக்குக் கடைசி ஆசனம் விலை கூட. சின்னக் கட்சிக்கு முதல் ஆசனம் மலிவு, ஆனால் 5 வீதம் என்ற படலையைத் தாண்ட வேண்டும். 2020-ல் அந்தப் படலை 10,400-க்குச் சற்றுக் கீழே. ஈபிடிபி தாண்டியது ஏறத்தாழ 900 வாக்கால். 900 வாக்கு என்பது இரண்டு மூன்று கிராம சேவையாளர் பிரிவு. வன்னியில் சின்னக் கட்சி அரசியல் முழுக்க அந்த இரண்டு மூன்று பிரிவுக்குள்தான் நடக்கிறது.

தண்ணிமுறிப்பு | 06.06.2025

கிளிநொச்சி வாக்கையும் சேர்த்தால் கணக்கு வேற மாதிரி வராதா?

கச்சேரியடி | 06.06.2025

கிளிநொச்சி வன்னி மண், ஆனால் வன்னித் தேர்தல் மாவட்டம் இல்லை. அது யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில். இங்கே மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும்தான். மாங்குளத்துக்கு வடக்கே போய் முறிகண்டியைத் தாண்டினால் ஏ9-இல் தேர்தல் மாவட்டமும் மாறும், நோட்டீசில் இருக்கிற முகமும் மாறும்.

அடம்பன் | 09.06.2025

2024-ஐயும் ஒருக்கால் போடுங்கோ. தமிழ்க் கட்சிகள் பிரிஞ்சு கேட்டதால நட்டமா இலாபமா எண்டு ஊரில ஆளுக்கொரு கதை.

கச்சேரியடி | 10.06.2025

2024 முடிவு: தேசிய மக்கள் சக்தி 2, ஐக்கிய மக்கள் சக்தி 1, தமிழரசுக் கட்சி 1, சனநாயக தமிழ்த் தேசியக் கூட்டணி 1, தொழிலாளர் கட்சி 1. ஆயிரத்துக்கு முழுமையாக்கினால் வாக்கு 40, 32, 30, 21, 18. இந்த ஐந்தையும் மட்டும் வைத்துப் போடுகிறேன். விளங்குவதற்கு இது போதும்.

மொத்தம் 141 ஆயிரம், ஐந்தால் வகுத்து 28,200. முதல் மூவருக்கும் ஒவ்வொரு முழு ஆசனம். மீதிகள் 11,800, 3,800, 1,800. கூட்டணியின் 21,000-உம் தொழிலாளர் கட்சியின் 18,000-உம் முழுதாகவே மீதி. இரண்டு மீதி ஆசனமும் அவர்களுக்கு. போனஸ் தேசிய மக்கள் சக்திக்கு. வந்த முடிவு அதே.

இப்போது தமிழரசையும் கூட்டணியையும் சேர்ப்போம், 51,000. அவர்கள் முதலிடம், போனஸ் அவர்களுக்கு. முழு ஆசனம் ஒன்று, மீதி 22,800, அதற்கும் ஒன்று. மொத்தம் மூன்று. பிரிந்து எடுத்தது இரண்டு. தேசிய மக்கள் சக்தி ஒன்றாகக் குறையும்.

ஆகவே நட்டம், ஒரு ஆசனம். ஆனால் அந்த ஒன்று முழுக்கப் போனஸில் இருந்து வருகிறது. போனஸை விட்டுப் பார்த்தால் சேர்ந்தாலும் இரண்டு, பிரிந்தாலும் இரண்டு.

கச்சேரியடி | 10.06.2025, இரவு

மேலே சொன்னதற்கு ஒரு மறுபக்கம். போனஸ் எட்டாத கூட்டு உண்மையிலேயே நட்டம் தரும். சும்மா கணக்குக்கு, 21-ஐயும் 18-ஐயும் சேர்த்தால் 39,000. முதலிடம் 40,000-உடையது, போனஸ் இல்லை. 39,000-க்கு ஒரு முழு ஆசனம், மீதி 10,800. கடைசி ஆசனத்துக்குத் தேசிய மக்கள் சக்தியின் மீதி 11,800. பிரிந்து நின்றால் இரண்டு, சேர்ந்து நின்றால் ஒன்று. “ஒற்றுமையே பலம்” என்று மேடையில் பேசுகிறவர்கள் முதலில் வகுத்துப் பார்க்க வேண்டும்.

தண்ணிமுறிப்பு | 11.06.2025

வாக்கு என்ன நெல்லா, ரெண்டு மூட்டையை ஒண்டாக் கொட்ட? சேர்ந்தால் கொஞ்சப் பேர் போடாமல் விடுவினம்.

கச்சேரியடி | 11.06.2025

உண்மை. மேலுள்ளது மூட்டைக் கணக்கு.

நெடுங்கேணியான் | 15.06.2025

தொழிலாளர் கட்சி எண்டால் ஆர்? நாடு முழுக்க ஒரு சீற்தானே அவைக்கு?

அடம்பன் | 15.06.2025

ஓம், ஒண்டுதான், அதுவும் வன்னியில. காதர் மஸ்தான். 2015-ல ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு, 2020-ல பொதுஜன பெரமுன, 2024-ல தொழிலாளர் கட்சி. மூண்டு பட்டியல், ஒரே ஆள், மூண்டு தரமும் உள்ள. கட்சிக்கு 17,710 வாக்கு, நாட்டு மொத்தத்தில 0.16 வீதம். தேசியப் பட்டியல் கனவு காணேலாது, ஆனால் வன்னியில அது 9 வீதம்.

கச்சேரியடி | 16.06.2025

அதற்கு நேர் எதிரான பாதையும் இங்கேயே இருக்கிறது. செல்வம் அடைக்கலநாதன் 2000 முதல் ஏழு பொதுத் தேர்தல் வென்றவர். கட்சி எப்போதும் ரெலோ (தமிழீழ விடுதலை இயக்கம்). சின்னம்தான் மாறியது: 2001-ல் சூரியன், 2004 முதல் 2020 வரை தமிழரசின் வீடு, 2024-ல் சங்கு. இது வெறும் சின்னக் கதை இல்லை, சட்டக் கதை. அரசியலமைப்பின் 99(13) சொல்வது இது: வேட்புமனுவில் எந்தக் கட்சியின் பெயரில் நின்றீர்களோ, அந்தக் கட்சியின் உறுப்புரிமை போனால் ஒரு மாதத்தில் ஆசனமும் போகும். வீட்டுச் சின்னத்தில் வென்ற ரெலோக்காரர் பத்திரத்தின்படி தமிழரசின் உறுப்பினர். வேட்பாளராக நிறுத்துகிற அதிகாரம் அந்தக் கட்சியின் செயலாளர் கையில்.

தமிழரசும் ரெலோவும் சேர்ந்திருந்த கூட்டமைப்பு 2023 ஜனவரியில் உடைந்தபோது அப்படி யாரும் ஆசனம் இழக்கவில்லை. 2024 வரை இருந்தார்கள்.

தப்ப ஒரே வழி அந்த ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்கு மனுப் போடுவது. மனுப் போட்டால் தீர்ப்பு வரும் வரை ஆசனம் நிற்கும். நீக்கியது முறைப்படியா, விளக்கம் கேட்டார்களா, கட்சி யாப்பின்படி அதிகாரம் உள்ள சபை முடிவெடுத்ததா என்று பார்ப்பார்கள். நீக்கல் செல்லாமல் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். முறை சரியாக இருந்தால் நீதிமன்றம் காப்பாற்றாது: 2023 ஒக்டோபரில் முஸ்லிம் காங்கிரஸ் நீக்கிய நஸீர் அஹமட் மட்டக்களப்பு ஆசனத்தை இழந்தார், அலி சாஹிர் மௌலானா வந்தார். 2024 ஓகஸ்டில் ஹரின் பெர்னாண்டோவும் மனுஷ நாணயக்காரவும் அதே வழியில் போனார்கள்.

தண்ணிமுறிப்பு | 17.06.2025

இடைத்தேர்தல் இல்லையா?

கச்சேரியடி | 17.06.2025

இல்லை. அதே கட்சிப் பட்டியலில் அடுத்த கூடின விருப்பு வாக்கு எடுத்தவர் வருவார். ஆகவே ஒரு ஆசனக் கட்சியில் தோற்ற எட்டுப் பேரில் முதலாவது ஆளின் முகத்தைக் கவனியுங்கோ, ஐந்து வருசமும் மலர்ந்தே இருக்கும்.

முந்தி இருந்தது. சி. சுந்தரலிங்கம் 1947-ல் வவுனியாவில் சுயேச்சையாக வென்று வர்த்தக அமைச்சராகி, 1948 இறுதியில் பிரசாவுரிமைச் சட்டத்தோடு விலகியவர். பிறகு சபைக்குப் போகாமலே இருந்து ஆசனத்தை இழந்து, இடைத்தேர்தலில் அதே வவுனியாவில் நின்று திரும்ப வென்றார். போகாமல் இருப்பதையே அரசியலாக்கினவர். இன்றும் அனுமதி இல்லாமல் தொடர்ந்து மூன்று மாதம் அமர்வுக்குப் போகாவிட்டால் ஆசனம் போகும் (66ஆம் உறுப்புரை), ஆனால் திரும்பி வர வாசல் இல்லை.

1983-இல் தமிழர் விடுதலைக் கூட்டணிக்காரர் ஆசனம் இழந்ததும் இந்தப் பக்கத்தால்தான். ஆறாம் திருத்தச் சத்தியத்தை எடுக்கவில்லை, அமர்வுக்கும் போகவில்லை. அந்தப் பிரிவினை எதிர்ப்புச் சத்தியம் இன்றைக்கும் எல்லா உறுப்பினரும் எடுக்க வேண்டியதுதான்.

அடம்பன் | 17.06.2025

தமிழரசின்ர இங்கிலிஷ் பேர் பெடரல் பார்ட்டி. சமஷ்டி கேட்டுத் துடங்கி 75 வருசம் தாண்டியாச்சு, ஒற்றையாட்சி அரசியலமைப்புக்குச் சத்தியம் எடுத்துத்தான் உள்ள போகலாம்.

கச்சேரியடி | 21.06.2025

வேட்புமனு பற்றி யாரோ தனியே கேட்டிருந்தார்கள். சுருக்கமாக.

வன்னிக்கு ஒன்பது பெயர்: ஆறு ஆசனம், கூட மூன்று. எட்டும் கூடாது, பத்தும் கூடாது. அங்கீகரிக்கப்பட்ட கட்சிக்குக் கட்டுப்பணம் இல்லை. சுயேச்சைக் குழுவுக்கு ஆளுக்கு 2,000 ரூபாய், ஒன்பது பேருக்கு 18,000. வேட்புமனுவில் உள்ள கையொப்பத்தைச் சமாதான நீதவான் அல்லது நொத்தாரிஸ் உறுதிப்படுத்த வேண்டும். கடைசி நாள் மத்தியானம் ஒருவர் விலகி, அவசரத்துக்குப் பிடித்த ஒன்பதாவது ஆளின் சத்தியப் பத்திரம் அரைகுறையாக வந்தால், அவர் ஒருவருக்காக முழுப் பட்டியலும் தள்ளப்படும். பெரிய கட்சி இரண்டு ஆளை மாற்றுக்கு வைத்திருக்கும். சின்னக் கட்சியில் ஒன்பதாவது ஆளே கடன்.

தேர்தல் முடிந்த பிறகும் ஒரு பொறி இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் செலவு ஒழுங்குபடுத்தல் சட்டப்படி, முடிவு வெளியாகி 21 நாளுக்குள் செலவறிக்கை கொடுக்க வேண்டும். தோற்றவரும் கொடுக்க வேண்டும். ஒரு ரூபாயும் செலவழிக்காதவரும் கொடுக்க வேண்டும். இது தெரியாமல் வழக்குக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் அந்தக் கடன் வேட்பாளர்கள்தான்.

விருப்பு வாக்கு: முதலில் கட்சிக்குப் புள்ளடி, பிறகு மூன்று இலக்கம் வரை. கட்சிக்குப் போடாமல் இலக்கத்துக்கு மட்டும் போட்டால் வாக்கே பழுது. நாலு இலக்கத்துக்குப் போட்டால் கட்சி வாக்கு நிற்கும், விருப்பு மட்டும் பழுது.

நெடுங்கேணியான் | 30.06.2025

சரி, உள்ள போயாச்சு. ஒரு ஆள் கட்சிக்காரன் அங்க என்ன செய்யலாம்? நேரமே குடுக்கமாட்டினமாம்.

கச்சேரியடி | 01.07.2025

நேரம் கட்சிப் பலத்துக்கு ஏற்பப் பிரிபடும். வரவு செலவு விவாதத்தில் ஏழெட்டு நிமிடம் கிடைத்தாலே பெரிது. அதில் வரலாறு பேசத் தொடங்கினால் கேப்பாப்புலவுக் காணிப் பிரச்சினைக்கு வரமுதல் மணி அடித்துவிடும். பேச்சைவிட எழுத்தில் போகிறதுதான் பலன்.

வாய்மூல விடைக்கான வினா: இலக்கம், திகதி, திணைக்களம் போட்டு உட்பிரிவாகக் கேட்டால் அமைச்சு எழுத்தில் தரவு தர வேண்டும், அது ஹன்சாட்டில் (சபைப் பதிவேட்டில்) ஏறும். “காணிப் பிரச்சினை எப்போது தீரும்” என்று கேட்டால் “நடவடிக்கை எடுக்கப்படுகிறது” என்று வரும். “மருதோடைப் பக்கம் வன இலாகா எல்லைக்கல் போட்ட காணி எத்தனை ஏக்கர், எந்த வர்த்தமானி, அதில் உத்தரவுப்பத்திரம் உள்ளவர் எத்தனை பேர்” என்று கேட்டால் எண் தர வேண்டி வரும்.

கட்சித் தலைவராக இருந்தால் நிலையியற் கட்டளை 27(2) இருக்கிறது: பொது முக்கியத்துவம் உள்ள அவசர விடயத்தைத் தலைவர் கேட்கலாம். இங்கேதான் ஒரு ஆள் கட்சிக்கு வசதி. அவரே உறுப்பினர், அவரே தலைவர். பெரிய கட்சியின் பின்வரிசை ஆளுக்கு இது கிடையாது.

மற்றது பொதுமனு. மக்கள் நேரே கொடுக்க முடியாது, ஒரு உறுப்பினர் மூலம்தான் போக வேண்டும். எந்த உறுப்பினரும் கொடுக்கலாம், கட்சிப் பலம் தேவை இல்லை. பொதுமனுக் குழு, அதிகாரிகளைக் கூப்பிட்டு விசாரிக்கும். இதை உறுப்பினரும் பயன்படுத்துகிறார் இல்லை, ஊரும் கேட்கிறது இல்லை.

அடம்பன் | 01.07.2025

தலைமை ஆசனத்தையும் மறக்காதேங்கோ. செல்வம் 2015-ல இருந்து 2020 வரைக்கும் குழுக்களின் பிரதித் தவிசாளர். எதிர்க்கட்சிப் பக்கத்தில இருந்த சின்னக் கட்சிக்காரர்.

தண்ணிமுறிப்பு | 08.07.2025

மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. ஊருக்குத் தெரிஞ்ச பா.உ (பாராளுமன்ற உறுப்பினர்) அங்கதான் தெரிவார்.

கச்சேரியடி | 09.07.2025

அங்கே எண்ணிக்கை பேசாது, தலைவர் பதவி பேசும். தலைவரை அரசு நியமிக்கும். அதனால்தான் 11,310 வாக்கில் போன ஈபிடிபியின் கு. திலீபன் அரசோடு நின்றதால் வவுனியா ஒருங்கிணைப்புக் குழுவுக்குத் தலைவரானார். 69,916 வாக்கில் போன மூன்று பேர் எதிரே இருந்து கை உயர்த்தினார்கள். இந்த இழையின் முதல் கேள்வியில் உண்மையான கோபம் இங்கேதான் இருக்க வேண்டும், வகுத்தலில் இல்லை.

வன்னி உறுப்பினருக்கு இன்னொரு சுமை. மற்றத் தேர்தல் மாவட்டங்களில் பெரும்பாலும் ஒரு குழு, இவருக்கு மூன்று. பிரதேச செயலகம் மன்னாரில் 5, வவுனியாவில் 4, முல்லைத்தீவில் 6, மொத்தம் 15. வவுனியாவில் இருந்து கொழும்பு 250 கிலோமீட்டருக்கு மேல். அமர்வு வாரத்தில் ஒரு பிரதேசக் கூட்டம் வைத்தால் ஒன்றைத் தவறவிட வேண்டும். ஒரு ஆள் கட்சிக்கு மாற்று ஆள் இல்லை. எந்த நாளில் கூட்டம் வைக்கிறார்கள் என்பதே ஒரு அரசியல்.

கச்சேரியடி | 12.07.2025

கூட்டத்தில் நேரம் வீணாகிற பெரிய காரணம், யாருடைய வேலை என்று தெரியாமல் கேட்பது. குளத்தை எடுங்கோ. 80 ஹெக்டேயருக்கு, அதாவது 200 ஏக்கருக்கு உட்பட்ட வயல் பாய்கிற சிறு குளம் கமநல அபிவிருத்தித் திணைக்களம். அதற்கு மேலே நீர்ப்பாசனம். அதிலும் மத்திய அரசு வேறு, மாகாணம் வேறு. வீதி என்றால் ஏ, பி வகை வீதி அதிகார சபை, சி, டி மாகாணம், ஒழுங்கைகள் பிரதேச சபை. மாகாண சபை 2018 ஒக்டோபரில் கலைந்த பிறகு தேர்தல் இல்லாததால் மாகாண வேலையும் பா.உ தலையில் வந்து விழுகிறது. அவரிடம் அதற்கு அதிகாரம் இல்லை, கடிதத் தலைப்புத்தான் இருக்கிறது.

பன்முகப்படுத்தப்பட்ட நிதி (உறுப்பினர் ஊர் வேலைகளுக்கு முன்மொழிகிற காசு) வரும் ஆண்டில் ஒரு நாட்காட்டிக் கணக்கு உண்டு. டிசம்பர் 31-க்குள் வேலை முடிந்து பில் போகாவிட்டால் காசு திறைசேரிக்குத் திரும்பும். ஒக்டோபரில் மாரி பிடித்தால் வன்னியில் மண் வேலை நின்றுவிடும். தொழில்நுட்ப உத்தியோகத்தர் மதிப்பீடு, ஒப்புதல், சங்கத்தோடு ஒப்பந்தம் என்று போகிற காலத்தையும் கழித்தால் முன்மொழிவு சித்திரைக்கு முதல் பிரதேச செயலகத்தில் இருக்க வேண்டும். புரட்டாதியில் கொடுக்கிற அணைக்கட்டு வேலை, கதிரையாகவும் ஒலிபெருக்கியாகவும்தான் முடியும். வாசிகசாலைகளில் பிளாஸ்டிக் கதிரை குவிந்து கிடப்பதற்கு அது ஒரு காரணம்.

அடம்பன் | 12.07.2025

கதிரை குடுத்தால் பேர் அடிக்கலாம், அணைக்கட்டில அடிக்கேலாது. அதுவும் ஒரு காரணம்.

நெடுங்கேணியான் | 20.07.2025

எங்கட குளத்துக் கலிங்கு உடைஞ்சு கிடக்கு. ஆரிட்டக் குடுக்கிறது? தமிழரசுக்குத் தேசியப் பட்டியல் ஒண்டும் இருக்காம், வவுனியா ஆளாம். அவரிட்டயும் குடுக்கலாமோ?

கச்சேரியடி | 20.07.2025

ப. சத்தியலிங்கம். வடமாகாண முன்னாள் சுகாதார அமைச்சர். அந்தத் தேசியப் பட்டியல் ஆசனம் நாட்டு மொத்த வாக்கில் வந்தது. 29 ஆசனத்தையும் நாடு முழுக்க வகுப்பார்கள், 5 வீதப் படலை அங்கே இல்லை. குடுக்கலாம், வன்னியில் வென்ற தமிழரசின் ரவிகரனிடமும் குடுக்கலாம், ஆளும் தரப்பு இரண்டு பேரிடமும் குடுக்கலாம். வன்னியின் ஆறு பேரிடமும் ஒரே கடிதத்தைக் குடுத்தால் ஆறு கடிதத் தலைப்பு கமநல சேவை நிலையத்துக்குப் போய் ஒரே கோவையில் ஏறும், அவ்வளவுதான்.

முதலில் கமக்காரர் அமைப்பின் தீர்மானம், கூட்டத் திகதியோடு. பிறகு குளத்தின் பெயர், கிராம சேவையாளர் பிரிவு, பாயும் ஏக்கர், கலிங்கின் நீளம், எத்தனை அடி உடைந்தது, எந்த மாரியில். முந்தி மதிப்பீடு போட்டிருந்தால் அதன் பிரதி. இல்லை என்று சொன்னால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் சட்டத்தில் கேளுங்கோ, 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். அந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு உறுப்பினரிடம் போங்கோ.

நெடுங்கேணியான் | 21.07.2025

பாயிற வயல் 210 ஏக்கர்.

கச்சேரியடி | 21.07.2025

அப்ப கமநலம் இல்லை, நீர்ப்பாசனம். பதிவேட்டில் எத்தனை ஏக்கர் என்று முதலில் பாருங்கோ. உறுதியில் 190 என்றும் வரம்பில் 210 என்றும் இருக்கிற குளம் கன இருக்கு.